குறும்பனை நாட்டுக்காகக் கொழும்பில் ஐந்து நாள்

முதல் நாள்

ஆனையிறவின் உப்புவெளி தாண்டி, பரந்தன், கிளிநொச்சி என்று ரயில் தெற்கே இறங்க இறங்கப் பனைகள் ஐதாகிக்கொண்டே வந்தன. மாங்குளத்துக் காட்டுக்குள் நுழைந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறகு நெடுநேரம் காடு, வயல், குளக்கட்டு. மாகோ கடந்து பொல்கஹவெலவுக்கு வரும்போது யன்னலின் இரண்டு பக்கமும் தென்னை. சிங்களத்தில் 'பொல்' என்றால் தேங்காய், 'கஹ' என்றால் மரம், 'வெல' என்றால் வயல். எங்கள் பக்கம் பனங்காமம் இருப்பதுபோல இங்கே தென்னை ஊர்ப்பெயருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரே தீவு, ஒரே தண்டவாளம். ஒரு மரத்தின் நாட்டிலிருந்து இன்னொரு மரத்தின் நாட்டுக்கு வந்துவிட்டேன்.

பயணம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக ஒரு கற்பனை உலகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் விதை அடியார்க்குநல்லாரின் சிலப்பதிகார உரையில் கிடைத்தது. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே கடல்கொண்ட 49 நாடுகளை அவர் ஏழேழாக அடுக்குகிறார். ஏழ்தெங்க நாட்டில் தொடங்கி ஏழ்குறும்பனை நாட்டில் முடிக்கிறார். தென்னையில் தொடங்கிப் பனையில் முடிகிற உலகம்! பெயரைச் சொல்லிவிட்டு உரையாசிரியர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பெயரைக் கடந்து போக முடியவில்லை.

என் குறும்பனை நாட்டில் கல் இல்லை, இரும்பு இல்லை, மாடு இல்லை. மணலும் கடலும் பனையும்தான். ஒரு பிள்ளை பிறக்கும்போது முற்றத்தில் ஒரு வடலி தானாக முளைக்கும். அந்தப் பிள்ளை கேட்டதையெல்லாம் அது கொடுக்கும். வீட்டுக்கு வளையும் சிலாகையும், கூரைக்கு ஓலை, படுக்கப் பாய், தண்ணீர் அள்ளப் பட்டை, மா அரிக்கப் பன்னாடை, கூழ் குடிக்கப் பிளா, எழுத ஏடு. பனைக்கு 801 பயன் உண்டென்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதில் பாதியையாவது நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்ற நிறைவோடு மச்சாளிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் திருப்பித் தந்தாள். "நல்லாயிருக்கு. மரம் எல்லாத்தையும் தருது. அப்ப அங்க ஆக்கள் என்னத்துக்கு?"

அதற்குப் பிறகு ஒரு வரியும் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த பனையை மட்டும் வைத்து உலகம் கட்டிவிட்டேன். தென்னையை, கித்துள், தாளி என்ற வேறு பனையினங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றியது. அதுதான் இந்த ஐந்து நாள்.

கோட்டையில் இறங்கி வெள்ளவத்தைக்கு வந்து சேர இருட்டிவிட்டது. பெரியம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்க முன்னம் கைப்பையைத்தான் பார்த்தா.

"ஒடியல்மா கொண்டந்தனியோ?"

"ஓம் பெரியம்மா. பினாட்டும் இருக்கு. குட்டானில பனங்கட்டியும் வாங்கினனான்."

"அப்ப நீ எத்தினை நாளெண்டாலும் நில்லு."

மூன்றாம் மாடி. சின்ன பல்கனி. அங்கே ஒரு பெயின்ற் வாளி நிறைய மண். துளசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள்

காலையில் காலிமுகத்திடல். 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். இன்றைக்கும் பட்டம் விடுகிற பிள்ளைகளின் இடம்தான் இது. காற்றில் இறால் வடை வாசம்.

நான் தேடி வந்தது தம்பிலி வண்டியை. இலங்கையின் செவ்விளநீர். தேங்காய் இனம்தான், ஆனால் கோது செம்மஞ்சளாக வெயிலில் பளபளக்கும். விற்றவர் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். ஒரு குலையிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்து, மூன்று வெட்டில் வாய் திறந்து கையில் தந்தார். குடித்து முடித்ததும் கோம்பையை இரண்டாகப் பிளந்து, பக்கத்திலிருந்து ஒரு சீவலை எடுத்துக் கரண்டியாக்கி, வழுக்கையை வழித்துச் சாப்பிடச் சொன்னார். கோப்பையும் கரண்டியும் உணவும் ஒரே காயிலிருந்து. என் நாவலில் இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். மகிழ்ச்சியோடு குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

"இந்தக் குலையை மரத்திலயிருந்து எப்பிடி இறக்கிறது?"

"கயிறு கட்டித்தான், நங்கி. போட்டா வெடிக்கும். ஒராள் மேல, ஒராள் கீழ. மெல்ல மெல்ல விடணும்."

தேங்காயைப்போலப் பறித்துப் போட முடியாது. எல்லாக் குலையும் கயிற்றில் குழந்தையை இறக்குவதுபோல இறங்கி வருகிறது. தங்கள் மரத்தைச் சிங்களவர் 'கப்ருக' என்பார்கள் என்று அவர் சொன்னபோது, எங்கள் பனையை நாங்கள் கற்பகதரு என்போம் என்றேன். இரண்டு சொல்லும் ஒரே வானுலக மரத்தைத்தான் காட்டுகின்றன, கேட்டதெல்லாம் தருகிற மரம். அவர் சிரித்தார். பிறகு சொன்னதைத்தான் நான் அப்படியே எழுதிக்கொண்டேன்:

"எல்லாம் தரும். ஒண்டா தராது. கள்ளுக்கு விட்ட மரத்தில தேங்கா கேக்க ஏலாது."

இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. பனையைச் சீவுகிற ஊரில் வளர்ந்தவள் நான். ஆனால் எழுதும்போது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. பயன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு போனால் எல்லாமே ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் நடப்பதுபோல ஆகிவிடுகிறது.

பின்னேரம் பெரியம்மா வீட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்து, பட்டியலை அழித்துவிட்டு, பனையை அது கேட்கிற கேள்விகளின் வரிசையில் எழுதிப் பார்த்தேன்.

பெண்பனையில் பாளை வருகிறது. சீவுவதா, விடுவதா? சீவினால் சாறு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் விட்டால் கள்ளு. குழந்தை குடிக்கிற இனிப்புக்கும் தகப்பன் குடிக்கிற வெறிக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. சீவாமல் விட்ட பாளையில் காய் பிடிக்கும். நுங்காக வெட்டுவதா, விடுவதா? வெட்டினால் பழம் இல்லை. விட்டால் பனம்பழம். பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. மிஞ்சிய கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் கிழங்கு. சரியான நேரத்தில் பிளந்தால் உள்ளே பூரான், அந்த வெள்ளைப் பஞ்சு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு கழற்றிய வெறுங்கொட்டை ஊமல், அதுவும் அடுப்புக்கு. கிழங்கைக் கிண்டாமல் விட்டால்தான் வடலி. வடலி முதற்பாளை விட 12, 15 வருடம் செல்லும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.

பனைக்குக் கிளையில்லை. தாளில் வரைந்த படத்தில் கிளைக்குமேல் கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஆள் நின்று முடிவெடுத்திருக்க வேண்டும். மச்சாளுக்குப் பதில் சொல்ல ஒரு நுனி அகப்பட்டது போலிருந்தது. இரவு நல்ல நித்திரை வரவில்லை.

மூன்றாம் நாள்

கொழும்பு தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியில் 1877 ஜனவரி 1 இல் திறந்த வெள்ளைக் கட்டிடம். கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற சோனகர். முற்றத்து ஆலமரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆசைதான், ஆனால் நான் நேரே ஏட்டுச் சுவடிகளிடம் போய்விட்டேன்.

சிங்கள ஏடுகள் தாளிப்பனை ஓலையில் ஆனவை. எங்கள் ஏடுகளில் பெரும்பாலானவை பனையோலை. வித்தியாசம் கண்ணாடிக்கு வெளியே நின்றாலும் தெரியும். தாளியோலை அகலம், மெல்லியது, வளைந்து கொடுக்கும். பனையோலை ஒடுக்கம், தடிப்பு, பிடிவாதம். தாளியில் விரியாத குருத்தோலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, சுருட்டி, அவித்து, வெயிலும் பனியும் பட உலர்த்தி, வழவழப்பான உருளையில் இழுத்து மினுக்குவார்கள். எழுத்தாணியால் கீறியபோது எழுத்துத் தெரியாது. கரியும் எண்ணெயும் பூசித் துடைத்த பிறகுதான் கீறலுக்குள் கறுப்பு நின்று எழுத்து எழும்பி வரும்.

எழுத்து வளைந்ததும் ஓலையால்தான் என்பார்கள். நாரின் போக்கில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். பக்கத்துப் பக்கத்து மொழிகளான தமிழும் சிங்களமும் உருண்டிருப்பதில் அந்தப் பயம் இருக்கிறது. பழைய தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவும் தயங்கினார்கள், எழுத்தாணி குத்தினால் பொத்துப்போகும். வாசிக்கிறவர் தன் வாயால் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

தொல்காப்பியத்து மரபியல் நினைவுக்கு வந்தது. வெளியே வைரமாக இருப்பது புல், உள்ளே வைரமாக இருப்பது மரம் என்று அது பிரிக்கிறது. பனையும் தென்னையும் கமுகும் வெளியே இரும்பு, உள்ளே சோறு. ஆகவே புல். தாவரவியலும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. பனை வேம்பின் உறவல்ல, நெல்லின் உறவு. ஆண்டு வளையம் கிடையாது. வெட்டிப் பார்த்து வயது சொல்ல முடியாது. வளர்கிற இடம் உச்சியில் ஒரேயொரு குருத்து. அது போனால் மரம் போச்சு. தென்னையைச் சரித்து யானை தேடுவதும் அந்தக் குருத்தைத்தான். புல்லினத்துக்குரிய உறுப்புகள் என்று தொல்காப்பியர் அடுக்குகிற சொற்களைப் பாருங்கள்: தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை. காதில் தோடு போட்டிருக்கிறேன். மடல் எழுதுகிறேன். சிற்றிதழில் கதை வந்திருக்கிறது. கலியாணத்துக்கு ஓலை கொடுக்கிறோம். நாங்கள் பேசுகிற வாயில் பாதி பனையின் உடம்பு. குறும்பனை நாட்டு மொழிக்குப் புதுச்சொல் செய்ய ஒரு வருடம் மினக்கெட்டேன். அந்தச் சொற்கள் அத்தனையையும் இன்று அடித்துவிட்டேன். இந்த எட்டுச் சொல்லே போதும்.

தாளியைப் பற்றிக் கொஞ்சம். 1660 இல் பிடிபட்டு 19 வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், ஒரு தாளியோலை 15, 20 பேரை மழையில் நனையாமல் மூடும் என்று எழுதியிருக்கிறார். படைவீரர் இதைத் தூக்கிக்கொண்டு போய், பகலில் குடையாகவும் இரவில் கூடாரமாகவும் வைத்துக்கொள்வார்களாம். எழுத்தும் இதில், கூரையும் இதில். அந்த மரம் 30 வருடத்திலிருந்து 80 வருடத்துக்குள் எப்போதோ ஒரு முறை பூக்கும். உலகத்தில் எந்தத் தாவரமும் அவ்வளவு பெரிய பூங்கொத்து விடுவதில்லை. கோடிக்கணக்கில் பூ. காய் முற்ற ஒரு வருடம். பிறகு மரம் சாகும். ஒரு மனுசர் தன் வாழ்நாளில் தன் முற்றத்துத் தாளி பூக்கிறதை ஒருதரம் பார்த்தால் உண்டு. அதுவும் அவர் பார்ப்பது அந்த மரத்தின் சாவை.

கீழே மும்மொழிக் கல்வெட்டுக்கு முன்னால் நின்றேன். சீனம், தமிழ், பாரசீகம். 1409 ஆம் ஆண்டைக் கொண்ட கல். காலி நகரில் கிடைத்தது. கல் யாருடைய உதவியும் இல்லாமல் அறுநூறு வருடம் கிடந்திருக்கிறது. ஏடு அப்படிக் கிடக்காது. இந்த ஈரக் காற்றில், பூச்சியின் வாயில், சில தலைமுறைக்குள் உதிரும். யாரோ ஒருவர் அதற்கு முன் புது ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். எழுதாத தலைமுறை ஒன்று நடுவில் வந்துவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 19 ஆம் நூற்றாண்டில் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய காலத்தில், தொட்டால் ஓரம் உதிர்கிற நிலையில்தான் பல அவர் கைக்கு வந்தன. நாங்கள் இன்று கலித்தொகை வாசிப்பது அந்தக் கைகளின் அவசரத்தால்.

கல்லில்லாத நாடு என்று நான் எழுதியது அழகுக்காக. அதன் பொருள் இன்றுதான் உறைத்தது. அங்கே எதையும் ஒருதரம் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரு ஏட்டையாவது பெயர்த்து எழுதவேண்டும். ஆக்கள் என்னத்துக்கு என்றால், இதற்கு.

வெளியே வந்து ஆலமரத்தடியில் நெடுநேரம் இருந்தேன். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. அதற்குள் ஏடுகளும் இருந்தன. அவற்றில் சிலதை யாரும் பெயர்த்து எழுதியிருக்கவில்லை. இன்றைக்கு இதற்குமேல் எழுதவில்லை.

நான்காம் நாள்

விடிய வெள்ளவத்தை நிலையத்தில் தெற்கே போகிற ரயில் ஏறினேன். ஒரு பக்கம் கடல், கல்லில் அடித்த அலையின் தூவானம் யன்னலுக்குள் வரும். பாணந்துறை தாண்டி வாதுவ நெருங்கியதும் தலைக்குமேலே பார்க்கவேண்டும். தென்னைக்குத் தென்னை இரட்டைக் கயிறு. கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. கள்ளு இறக்குகிறவர் ஒரு மரத்தில் ஏறி, இறங்காமலே மரத்துக்கு மரம் நடந்து போகிறார். இடுப்பில் கத்தி, பக்கத்தில் முட்டி.

இறங்கி ஒரு தோப்போரம் நின்றேன். மேலே போன மனுசருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் நடக்கும்போது கயிறு தொய்ந்து எழும்பியது, முழுத் தோப்பும் ஒருதரம் அசைந்து கொடுத்தது போலிருந்தது. அந்தக் கயிறு தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து எடுத்த தும்பில் திரித்தது. தென்னையின் காயுடுப்பு தென்னைகளைக் கட்டி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் இப்படிப் பார்த்ததில்லை. சீவல் தொழிலாளி ஒவ்வொரு பனைக்கும் தனித்தனியாகத் தளநார் போட்டு ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவார். நெஞ்சில் காய்ப்பு விழுந்த மனுசர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

கீழே இறங்கியவரிடம் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன், பயமில்லையா என்று. மழைக்காலம் முடிந்ததும் கயிற்றைத்தான் முதலில் பார்ப்பாராம், மரத்தையல்ல. மகன் வருவானா என்றேன். கையை ஆட்டினார்.

ஒன்றை இங்கே எழுதாமல் போனால் நான் எழுதுகிற உலகம் பொய்யாகிவிடும். என் ஊரில் மரமேறியவர்களின் கள்ளைக் குடித்தவர்கள், அவர்கள் கட்டிய பனங்கட்டியைத் தேத்தண்ணியோடு கடித்தவர்கள், அவர்களைப் படலைக்குள் விடவில்லை. தேநீர்க்கடையில் மற்றவர்களுக்குப் பேணி, அவர்களுக்குச் சிரட்டையும் போத்தலும். 1960-களில் கடைக்குள் நுழையவும் கோயிலுக்குள் நுழையவும் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. பனையின் 801 பயனையும் புகழ்கிறவர்கள் உச்சியில் நின்றவனின் பெயரைச் சொல்வதில்லை. நானும் முதல் எழுத்துப்படியில் சொல்லவில்லை. மரம் தானாகத் தருகிறது என்று எழுதினேன். அப்படி எழுதுவதற்கு வசதியான இடத்தில் பிறந்திருக்கிறேன்.

குறும்பனை நாட்டில் இனி இரண்டு நாடு. தரையில் முற்றமும் வேலியும் உள்ளவர்களின் நாடு. தலைக்குமேலே கயிறுகளில் இன்னொரு நாடு. அங்கே வேலி கிடையாது, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மண்ணில் படாமல் போகலாம். கீழுள்ளவர்கள் உண்பதும் எழுதுவதும் படுப்பதும் மேலிருந்து இறங்கி வருவது. ஒருநாள் மேலே உள்ளவர்கள் கயிற்றை இழுத்துக்கொள்கிறார்கள். கதை அங்கிருந்து தொடங்கும்.

மத்தியானம் புறக்கோட்டை. சனநெரிசலைப் பற்றி எழுதப் புதிதாக எதுவுமில்லை. தும்புக்கயிறு, தும்புத்தடி, ஈர்க்குவிளக்குமாறு, கொட்டைப்பாக்கு, எல்லாம் மூட்டைமூட்டையாக. ஒரு ஒடுக்கமான கடையில் வயதான நானா ஒருவர் கித்துள் பாணி என்ற பாகும் கருப்பட்டியும் வைத்திருந்தார். கித்துள் கருப்பட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் அரைப்பந்து வடிவம். எங்கள் பனங்கட்டிக்குப் பனையோலைக் குட்டானின் மூலைகள். இரண்டையும் கடைப்பலகையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

"இது கசப்பும் கூடின இனிப்பு, மகள். தயிரோட சாப்பிட்டுப் பாருங்க. சீனி கலந்ததுக்கு இந்த மணம் வராது."

நாக்கில் வைத்தால் புகைந்த இனிப்பு. தமிழில் கித்துளுக்குக் கூந்தற்பனை என்று பெயர், பூங்குலை அவிழ்த்த கூந்தல்போலத் தொங்குவதால். அதன் பூ வருகிற முறை எனக்குப் பிடித்துவிட்டது. முதற்குலை உச்சியில் வரும். அடுத்தது அதற்குக் கீழே. அடுத்தது இன்னும் கீழே. மேலிருந்து படிபடியாக இறங்கி வந்து, கடைசிக் குலை காய்த்ததும் மரம் பட்டுவிடும். தாளி ஒரே தரத்தில் கொட்டித் தீர்த்துப் போவது போலில்லை, இது கணக்குப் பார்த்துப் போகிறது. சீவுகிறவருக்கு மரத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்று தெரியும்.

"நல்ல பாணி இப்ப குறைவா, நானா?"

"மரம் ஈக்கிது மகள். ஏறுறதுக்குத்தான் ஆள் இல்ல. எனக்குக் கொண்டுவந்து தந்த மனுசன் மௌத்தாப் போய்ட்டார். மகன் ஓட்டோ ஓடுறார். நான் ஏறச்சொல்லிக் கேப்பனா? விழுந்தா யார் பொறுப்பு?"

ஒரு போத்தல் வாங்கினேன். விலையைக் குறைத்துக் கேட்க வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள்

எங்கும் போகவில்லை. இரவு ரயிலுக்குத்தான் பயணச்சீட்டு. பெரியம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவம் என்றா. மாவைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றிக் கசப்பெடுத்தோம். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முளைக்கீரை, அரிசி ஒரு பிடி. செத்தல்மிளகாய், புளி. வெள்ளவத்தைச் சந்தையில் எல்லாம் கிடைத்தது, பிளாவுக்கு ஓலை மட்டும் கிடைக்கவில்லை. பேணியில் குடித்தால் கூழ் ருசிக்காது என்று பெரியம்மா முகத்தைச் சுளித்தா. பனையோலையின் மணமும் சேர்ந்ததுதான் கூழ்.

கிண்டிக்கொண்டிருக்கும்போது கயிற்று நாட்டின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டா. பிறகு, "எங்கட வளவுப் பனையளைப் பற்றியும் எழுதுவியோ?" என்றா.

அவவின் வளவில் பன்னிரண்டு பனை நின்றது. தொண்ணூறுகளில் ஷெல் அடிக்கத் தொடங்கியபோது அவற்றில் ஒன்பதைத் தறித்தார்கள். பங்கருக்கு மேல் பனங்குற்றி அடுக்கி, அதற்குமேல் மண்மூட்டை. பனைக்கு வெளிவைரம் என்று தொல்காப்பியம் சொன்னது அந்த இருட்டுக்குள் எனக்குத் தெரியாது. தலைக்குமேலே கறுப்பாக, சிராய் சிராயாக, பச்சை மணத்தோடு அந்தக் குற்றிகள் இருந்தது தெரியும். எனக்கு அப்போது ஏழு வயது. மண் உதிரும்போதெல்லாம் பெரியம்மா என் தலையைத் தன் மடிக்குள் அமத்துவா. 801 பயன் எண்ணியவர் இதை எண்ணியிருக்க மாட்டார்.

"அதுகள்தான் எங்களைக் காப்பாற்றினது," என்றா. "ஒண்டொண்டும் கொப்பப்பா காலத்து மரம். தறிக்கேக்க கொப்பர், தான் கோடாலி பிடிக்க மாட்டன் எண்டு அழுதவர். பிறகு அவர்தான் பிடிச்சார். வேற ஆர் இருந்தது?"

எந்த மரத்தைத் தறிப்பது என்று அன்று இரவு பேசி முடிவெடுத்தார்களாம். கள்ளுக்கு விட்ட மரத்தை முதலில். நுங்கு நல்லாக் காய்க்கிற மூன்றைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். அந்த மூன்று இன்னும் நிற்கிறது. வளவில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனா. பெயின்ற் வாளியில் துளசி இல்லை. ஆவணியில் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு பனம்பழம். பழத்தைப் பிசைந்து பணியாரம் சுட்டுவிட்டு, கொட்டைகள் மூன்றையும் இதற்குள் புதைத்திருக்கிறா. மூன்று மாடி உயரத்தில், ஒரு முழ மண்ணுக்குள். மேலே ஒன்றும் தெரியாது. பனை முதலில் கீழேதான் போகும். கொட்டையிலிருந்து முளை மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு வைத்து, அதன் பிறகுதான் ஓலை மேலே வரும். வாளியின் அடி வெடித்திருந்தது. ஒரு வேர் சீமெந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"கிண்டுவமோ, விடுவமோ?" என்று கேட்டா. நான் தாளில் வரைந்த கேள்வி, அதே சொல்லில்.

இங்கே விட்டால் வளராது. எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் வேர் அறுந்த வடலி பிழைப்பது கடினம். எழுபத்தெட்டு வயது பெரியம்மாவுக்கும் மூன்றாம் மாடிக்கும் பதினைந்து வருடக் கணக்கு ஒத்துவராது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவ கையை மண்ணுக்குள் விட்டுவிட்டா.

மூன்று கிழங்கு. ஒன்று வளைந்தது. தோல் உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தோம். வளைந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கடதாசியில் சுற்றித் தந்தா.

இதை ரயிலுக்குள் இருந்து எழுதுகிறேன். மருதானை கடந்து, நகரத்து வெளிச்சம் முடிந்து, யன்னலில் தென்னைகளின் இருட்டு. கிழங்கை நுனியில் முறித்து, நெடுகப் பிளந்து, தும்பை உரித்தேன். நடுவில் பீலி இருந்தது. வெள்ளையாக, ஈர்க்குத் தடிப்பில், மடிப்பு மடிப்பாக. முதல் ஓலையாக விரிய வேண்டியது. சின்ன வயதில் பீலிக்காகத்தான் மச்சாளும் நானும் சண்டைபிடிப்போம். முன்சீற்றில் ஒரு சின்னப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கிழங்கில் பாதியைக் கொடுத்தேன். பீலியை நான் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது.